முதலில் சுவரை விசாரியுங்கள்

திருப்பதி உயிரியல் பூங்காவில் 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கத்தின் அடைப்புக்குள் இறங்கிய ஒருவர் உயிரிழந்தார். அன்று சாயங்காலத்திலிருந்து வேலூர் லாங் பஜாரில் மூட்டை இறக்கும் இடத்திலும் டீக்கடை பெஞ்சிலும் ஒரே விசாரணைதான்: குடித்திருந்தாரா, செல்ஃபி எடுக்கப் போனாரா, புத்தி பேதலித்தவரா? வேலி எவ்வளவு உயரம், காவலுக்கு எத்தனை பேர் என்ற கேள்வி காதில் விழவே இல்லை. செத்தவன் வந்து பதில் சொல்லமாட்டான் என்ற தைரியத்தில் அவனை மட்டுமே கூண்டில் ஏற்றுகிறோம். அந்த வாரம் முழுக்க என்னை உறுத்தியது இதுதான்.

2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் விஜய் என்ற வெள்ளைப்புலி ஓர் இளைஞரைக் கொன்றபோதும், தவறி விழுந்தாரா, தானே குதித்தாரா என்றுதான் நாடே வாதாடியது. 2007 கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோவில் அகழியைத் தாண்டி வந்த பெண்புலி 17 வயதுப் பையனைக் கொன்றது. நண்பர்களோடு சேர்ந்து அதைச் சீண்டினான் என்று பேச்சு கிளம்பியது. சீண்டியிருக்கலாம். ஆனால் 18 அடி என்று பூங்கா சொன்ன சுவரை அளந்து பார்த்தால் பன்னிரண்டரை அடிதான் இருந்தது. இருக்கவேண்டியது 16 அடிக்கு மேல். அதே புலி ஓராண்டுக்கு முன்பு, தன் வேலையைச் செய்துகொண்டிருந்த பராமரிப்பாளரின் கையைக் குதறியிருந்தது. அவர் யாரைச் சீண்டினார்?

வேண்டுமென்றே குதிப்பவனுக்குப் பூங்கா என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். திருப்பதியில் பூங்காவின் தவறு சிறிதாகவே இருக்கலாம். ஆனால் அந்த முடிவு வேலியையும் காவலையும் சோதித்த பிறகு வரவேண்டும். விவரம் தெரிந்த ஆள் எப்படியும் எட்டித்தான் நிற்பான். சுவர் எழுப்புவது குழந்தைக்கும் குடிகாரனுக்கும் மனம் கலங்கியவனுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்ப் பக்கம் சிங்கம் இல்லாமலே இந்த விசாரணை நடக்கிறது. தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மூச்சுத் திணறிச் செத்தால், ‘மாஸ்க் போடாமல் ஏன் இறங்கினான்’ என்பதுதான் முதல் பேச்சு. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவில் அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவனைப் பார்த்து அஜாக்கிரதை என்கிறோம். அவனைத் தூக்க அடுத்தவன் இறங்கி, அவனும் சாய்கிறான். அவனையும் அவசரக்காரன் என்கிறோம். கூட வேலை செய்கிறவனைக் காப்பாற்றப் போனது குற்றமா? வாயுவை அளக்கும் கருவி எங்கே, இறங்கச் சொன்னது யார் என்று கேட்க ஆளில்லை.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் எதையும் சீண்டவில்லை, எங்கும் குதிக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்கள். செத்தவர் நடத்தையைத் துருவுவது எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தின் பதில் 1996-லேயே வந்துவிட்டது. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடுகட்டவேண்டும், தீங்கில்லை என்று நிரூபிப்பதும் தொழில் நடத்துகிறவர் பொறுப்பு. ஆபத்தை வைத்திருப்பவர் பொறுப்பாளி என்ற பழைய ஆங்கிலேய விதியில், பாதிக்கப்பட்டவரே தவறு செய்திருந்தால் தப்பிக்க வழி இருந்தது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலுக்கு அந்த வழிகள் கிடையாது என்று அடைத்துவிட்டது. இந்தச் சட்ட வரிசையில்தான் வேலூர் வழக்கும் நிற்கிறது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் படிக்கும் பாடத்தை நாமே மறந்து பேசலாமா?

அப்படியானால் தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா என்று முதலாளிகள் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் நஷ்டஈடு கிடைக்கும் என்று எவரும் விஷக்குழியில் இறங்குவதில்லை. மேஸ்திரி இறங்கு என்றால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. மறுநாள் வேலை இருக்காது. ஆபத்து இன்னதென்று தெரிந்தவரும், அதைத் தடுக்கப் பணம் உள்ளவரும், அதில் லாபம் பார்ப்பவரும் நிர்வாகம்தான். உரிய செலவு செய்து ஒழுங்காகத் தொழில் நடத்தும் முதலாளிகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உண்டு. செத்தவன் மேல் பழி போட்டுத் தப்பும் ஒவ்வொருவரும் அவர்கள் வயிற்றிலும் அடிக்கிறார்.

அடுத்த முறை ஒரு தொட்டியில் ஆள் செத்தால், பிரேதப் பரிசோதனையில் சாராயம் இருந்ததா என்று விசாரிப்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: தொட்டிக்கு அனுமதி இருந்ததா, இறங்குமுன் வாயுவை அளந்தார்களா, இறங்கச் சொன்னவர் பெயர் முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் வராதவரை செத்தவனைப் பற்றிப் பேச நமக்கு உரிமை இல்லை.