கணத்தின் வழிபாடும் காலத்தின் சாட்சியமும்

ஒளிப்படக்கலை பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் பெரும்பாலும் ஒரே கருத்தையே மீண்டும் மீண்டும் கூறிவருகின்றனர். ஓடுகின்ற காலத்திலிருந்து ஒரு கணத்தைப் பறித்து நிலைபெறச் செய்வதே அக்கலையின் சிறப்பு என்பது அக்கருத்து. 'படம் பிடித்தல்' என்னும் தமிழ் வழக்கும் இதற்குத் துணைநிற்கின்றது. பரிசுகளும் கண்காட்சிகளும் பத்திரிகைப் பாராட்டுக்களும் இந்நம்பிக்கையின் மீதே எழுப்பப்பட்டுள்ளன. ஆயின், வளர்ச்சியையும் மாற்றத்தையும் பற்றிய அறிவு எனும் உரைகல்லில் உரைத்துப் பார்க்குமிடத்து இக்கொள்கை வெறும் மயக்கமே என்பது புலப்படும்.

கணத்தை வழிபடுவோர் தமது வேதமாகக் கொள்வது ஹென்றி காட்டியே-பிறெசோன் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட நூலை. அந்நூலின் பிரெஞ்சுத் தலைப்பு, அவசரத்தில் ஒளித்து மறைத்து எடுத்த படங்கள் என்ற கருத்தினைத் தருவது. 'தீர்மானமான கணம்' என்பது ஆங்கிலப் பதிப்புக்கு இடப்பட்ட தலைப்பு. நூல்முகத்தில் எடுத்தாளப்பட்ட பழைய கர்தினால் ஒருவரின் வாசகத்திலிருந்து பெறப்பட்டது. ஒரு பதிப்பின் தலைப்பு ஒரு கலையின் சட்டமாக உயர்த்தப்பட்டமை விந்தையே. தெருவிற் பாய்ந்து செல்லும் மனிதனுக்கு இச்சட்டம் பொருந்தக்கூடும். விதையொன்று முளைப்பதற்கும், பனியாறு உருகுவதற்கும், சேரியொன்று சிதைவதற்கும் தீர்மானமான கணம் எது? அவற்றில் எக்கணமும் தனித்து நின்று எதனையும் தீர்மானிப்பதில்லை.

இயற்கையை ஆராய்ந்தோர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1910இல் பேர்சி சிமித் மலர்கள் விரிவதைக் குறித்த இடைவெளிகளில் அடுத்தடுத்துப் படமாக்கித் திரையில் ஓடவிட்டபோது, கண்ணுக்குப் புலனாகாத அசைவு புலனாயிற்று. அங்கு எத்தனிப்படமும் சிறப்புடையதன்று. படங்களுக்கிடையிலான வேறுபாடே பொருளுடையது. 1889இல் செபாஸ்தியன் பின்ஸ்ரவால்டர் ஒளிப்படங்களைக் கொண்டு ஓஸ்திரியாவின் வேர்னாக்ற் பனியாற்றை அளந்து படவரைபு தயாரித்தார். பனியாறு பின்வாங்கியமை பிற்காலத்தோரால் நிறுவப்பட்டதெனின், ஒப்பிடுதற்குரிய முதல் அளவை இருந்தமையாலேயே அது இயன்றது. 2007இல் ஜேம்ஸ் பாலொக் தொடங்கிய பனி அளவைத் திட்டமும் கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களிற் கமராக்களைப் பாறையிற் பிணைத்து, பகலொளியில் இடைவிடாது படமெடுக்க வைத்தது. 2008இல் கிறீன்லாந்தின் பெரும் பனிப்பாளமொன்று ஏறத்தாழ 75 நிமிடங்கள் உடைந்து சரிந்த காட்சியே மக்கள் மனத்தில் தங்கியது. ஆயின் பனிப்பாளங்கள் உடைவது என்றுமுள்ள நிகழ்ச்சி. அசையாத கமராக்கள் ஆண்டுக்கணக்கிற் சேர்த்த, கவர்ச்சியற்ற படவரிசையே உண்மையான சாட்சியம்.

தனிப்படம் முழுமை தராதது மட்டுமன்று, பொய்யுரைக்கவும் வல்லது. அமெரிக்க மேற்குப் பகுதியை அளவையிடச் சென்றோருடன் சென்ற தீமோத்தி ஓசலிவன் 1869இல் யூற்றா மாநிலத்திற் பாறைகள் சிலவற்றைப் படமெடுத்தார். 1977 முதல் 1979 வரை மார்க் கிளெற்றும் அவர்தம் கூட்டாளிகளும் பழைய அளவைப் படங்கள் எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிச் சென்று, அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்தனர். அவருள் ஒருவரான றிக் டிங்கஸ் 1978இல் அப்பாறைகளின் முன் நின்றபோது, ஓசலிவன் கமராவைச் சரித்துப் பிடித்திருந்தமை வெளியாயிற்று. நூறாண்டுக்கு மேலாக மறைந்திருந்த சரிவை வெளிப்படுத்தியது இரசிகரின் கண் அன்று; இரண்டாவது படமே.

சமுதாயத்தைப் பொறுத்தவரை இப்பிரச்சினை அறப்பிரச்சினையாகவும் மாறுகின்றது. 1936இல் டொறத்தியா லாங் கலிபோர்ணியாவின் தொழிலாளர் முகாமொன்றில் எடுத்த 'புலம்பெயர் தாய்' என்னும் படம் உலகறிந்தது. அத்தாயின் பெயரையோ வரலாற்றையோ லாங் கேட்கவில்லை. புளோறன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது அவர் பெயர் என உலகம் அறிந்தது 1978இலேயே. அப்படம் எடுக்கப்பட்டதையிட்டு அவர் வருந்தவும் செய்தார். வறுமையின் சின்னமாக்கப்பட்டவர் அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாக உழைத்தார், பிள்ளைகளை வளர்த்தார், முதுமையெய்தினார். அப்படத்தில் இவற்றுள் எதற்கும் இடமில்லை. ஏழைக்குக் கணம் மட்டுமே உண்டு, காலம் இல்லை என்பதே கணவழிபாட்டின் உட்கிடை.

இதற்கு மறுதலையாக விளங்குபவர் மில்ரன் றொகோவின். பஃபலோ நகரிற் கண்பரிசோதகராகத் தொழில் புரிந்த இவர், இடதுசாரிக் கொள்கையின் பொருட்டு 1957இல் காங்கிரஸ் விசாரணைக் குழுவின்முன் அழைக்கப்பட்டார், தொழிலும் வீழ்ச்சியுற்றது. அதன் பின்னரே ஒளிப்படத்தை முழுமூச்சாக மேற்கொண்டார். 1972இல் நகரின் வறிய மேற்குப் பகுதியில் ஒருசில தெருக்களுக்குள் வாழ்ந்த மக்களைப் படமெடுக்கத் தொடங்கி, 1980களிலும் 1990களிலும் 2000ஆம் ஆண்டின் பின்னும் அவர்களையே மீண்டும் தேடிச் சென்றார். அவர்கள் விரும்பியவாறே நிற்கவிட்டுப் படமெடுத்தார். எடுத்த படத்தை அவர்களுக்கும் கொடுத்தார். கைக்குழந்தை தாயாகி நிற்பதும், அருகில் நின்றவர் அடுத்த படத்தில் இல்லாமற் போவதும் அவ்வரிசைகளிற் காணக்கிடக்கின்றன. பரிதாபத்துக்கு அங்கே இடமில்லை, வரலாற்றுக்கே இடமுண்டு. திரும்பி வருதல் என்னும் எளிய செயலே இவ்வேறுபாட்டை உண்டாக்கிற்று.

இனி, இருட்டறையை நோக்குவோம். பிலிம் துலக்கும் வேலை முழுவதையும் 'கழுவுதல்' என ஒரே சொல்லால் வழங்குவது தமிழர் வழக்கம். அழுக்கு நீக்கும் கூலிவேலை போல அது ஒலிக்கின்றது. உண்மை வேறு. ஒளிபட்ட வெள்ளியுப்புத் துணிக்கையில் முதலிற் கருக்கொள்வது கட்புலனாகாத உருவமே. பொக்ஸ் ரல்போற் 1840இல் இம்மறையுருவைக் கண்டறிந்தார். துலக்கும் திரவம் அதனைக் கோடிக்கணக்கான மடங்கு பெருக்கியே கண்முன் கொணர்கின்றது. எனவே ஒளிப்படம் என்பதே ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயலன்று, அதுவும் வளர்ச்சிக்குட்பட்டது. திரவத்தின் வெப்பநிலையும் நேரமும் மாறின் படத்தின் கருமையும் வெண்மையும் மாறும். ஓராண்டு ஒருவிதமாகவும் மறுவாண்டு வேறுவிதமாகவும் துலக்கியவன், இருட்டறையின் மாற்றத்தையே ஊரின் மாற்றமெனக் காட்டிவிடுவான். செம்மையாக நிலைநிறுத்திக் கழுவாத படமோ சில ஆண்டுகளிற் பழுப்பேறிச் சாட்சியத்தையே அழித்துவிடும்.

கொடாக்குறோம் பிலிமின் கதை இதற்குப் பிறிதொரு பாடம். 1935இல் வெளிவந்த இப்பிலிமின் நிறங்கள் பிலிமுக்குள் இருப்பவையல்ல; துலக்கும்போது சேர்க்கப்படுபவை. 2009இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதனைத் துலக்கிய கடைசி நிலையம் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 டிசெம்பர் 30உடன் அதுவும் பிலிம்களை ஏற்பதை நிறுத்தியது. அன்றுவரை துலக்கப்படாத சுருள்களிற் கறுப்பு வெள்ளை உருவைப் பெறலாம்; நிறத்தைப் பெற வழியில்லை. கணம் 'பிடிக்கப்பட்டது', ஆயினும் காணப்படாமலே போயிற்று.

தொடர்படம் ஆவணமே, கலையன்று என்பது எதிர்த்தரப்பாரின் வாதம். எதனைத் தெரிவது, எங்கு நிற்பது, எத்துணைக் காலம் கழித்து மீள்வது என்பன கலைஞனின் தீர்ப்பை வேண்டுவன அல்லவா? பொறுமை கலைப்பண்பு அன்றெனின் சிற்பமும் கலையன்று. இன்று கைத்தொலைபேசிகள் நாள்தோறும் எண்ணிறந்த படங்களைக் குவிக்கின்றன, இனித் தொடர்பதிவு எதற்கு என்பது மற்றைய வாதம். குவியல் வரிசையாகாது. இடமும் திகதியும் ஆளும் குறிக்கப்படாத ஆயிரம் படங்கள், குறிக்கப்பட்ட இரண்டு படங்களுக்கு ஈடாகா.

இலங்கையிற் செய்யவேண்டியது யாது? ஜோசப் லோற்றன் 1870-71இல் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் எடுத்த படங்கள் உள்ளன. எனவே அச்சின்னங்கள் அன்றிருந்த நிலை இன்று அறியப்படுகின்றது. சாதாரண கிராமங்களுக்கும் தோட்ட லயன்களுக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. போரும் 2004இன் கடற்கோளும் எத்தனையோ வீடுகளின் படப்பெட்டிகளையும் கொண்டுசென்றன. முதற்படத்தை இழந்த சமுதாயத்துக்கு இரண்டாம் படம் எடுக்கும் வாய்ப்பும் இல்லை. தான் மாறியதை நிறுவவும் அதனால் இயலாது. இவ்விழப்பினை அழகிய சூரிய அத்தமனங்களால் ஈடுசெய்ய முடியாது.

ஆதலின் ஒளிப்படப் போட்டிகளுக்குச் செலவிடும் ஊக்கத்தை மாணவர் சங்கங்கள் வேறு திசையிற் செலுத்துதல் வேண்டும். ஒரு குளம், ஒரு சந்தை, ஒரு லயன் வரிசை போதும். நிற்குமிடத்தைக் கல்லால் அடையாளமிட்டு, திகதியும் பெயரும் எழுதி, ஆண்டுதோறும் அதேயிடத்துக்கு மீள்வதற்குப் பெரும்பணம் தேவையில்லை. எடுத்தவர் பட்டம்பெற்றுச் சென்றபின்னும் அடுத்த அணியினர் தொடரத்தக்கதாய் அப்படங்கள் நூலகத்திற் காக்கப்படல் வேண்டும். தன் வாழ்நாளிற் பயன் காணாத மரத்தை நடுபவனின் உழைப்பு அது. அத்தகைய உழைப்பை மேற்கொள்ளாத கலை எத்துணைக் கைதட்டலைப் பெறினும், மக்களின் காலத்துக்குச் சாட்சி சொல்லும் தகுதியை அடையாது.