ஆஸ்ட்ரோசாட்டின் கடிகாரத்தை ஊட்டி சரிபார்த்தது எப்படி? நமக்கு ஏன் இது தெரியணும்?

பேசின் பிரிட்ஜ் தாண்டி துறைமுகம் பக்கம் போனால் எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை. லாரி ஏறும், மீட்டரில் எண் வரும், ரசீது கைக்கு வரும். அந்த எண்ணை டிரைவரும் நம்புகிறார், சரக்குக்காரரும் நம்புகிறார். காரணம், மேடைக்கு முத்திரை வைக்கும்போது தொழிலாளர் துறை அதிகாரிகள் அளவு தெரிந்த எடைக்கற்களை ஏற்றி, மீட்டர் சரியா காட்டுதான்னு பார்க்கிறார்கள்.

இதே மாதிரி ஒரு கருவி பூமிக்கு மேலே 650 கி.மீ உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தால்? அங்கே யார் கல்லைத் தூக்கிக்கொண்டு போவது?

இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் விண்வெளித் தொலைநோக்கிக்கு இந்தப் பிரச்னை இருந்தது. எண்ணூரில் இருந்து கடற்கரையோடு வடக்கே போனால் வரும் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2015 செப்டம்பர் 28-ல் கிளம்பியது அது. அதில் உள்ள சிஇசட்டிஐ என்ற கருவி, அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைப் பிடிக்கும். எக்ஸ் கதிர்கள் நம் காற்று மண்டலத்தைத் தாண்டி தரைக்கு வராது, அதனால்தான் மேலே போக வேண்டியிருக்கு. கிளம்பும் முன் ஆய்வகத்தில் எவ்வளவு சோதித்தாலும், ராக்கெட் குலுக்கலும் விண்வெளிக் கதிர்வீச்சும் கருவியை எப்படி மாற்றும்னு மேலே போன பிறகுதான் தெரியும். எனவே எடைக்கல்லை வானத்திலேயே தேடுகிறார்கள்.

அந்தக் கல்தான் நண்டு பல்சர். (பல்சர்னு சொன்னதும் பைக் ஞாபகம் வந்தால் தப்பில்லை.) 1054-ல் சீன வானியலாளர்கள் பகலிலேயே பார்த்துப் பதிவு செய்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் இது. சுமார் 6,500 ஒளியாண்டு தூரத்தில், நொடிக்கு 30 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது சுமார் 33 மில்லி வினாடிக்கு ஒருமுறை, ஒரு துடிப்பு. ரேடியோவிலும் எக்ஸ் கதிரிலும் அந்தத் துடிப்பு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும். அதனால் தரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியும் செயற்கைக்கோளும் ஒரே சமயத்தில் இதைப் பார்த்தால், இரண்டு கடிகாரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளின்னு கணக்குப் போடலாம்.

ஆனா ஒருநாள் பார்த்துவிட்டுப் போனால் போதாது. இந்தப் பல்சர் மெதுவாகிக்கொண்டே வருகிறது; ஒரு சுற்றுக்கான நேரம் நாளொன்றுக்கு சுமார் 36 நானோ வினாடி கூடுகிறது. திடீர்னு ஒரு நாள் குதித்து வேகமும் எடுக்கும். 2017 நவம்பரில் அதன் மிகப்பெரிய குதிப்பு நடந்தது. ஆக, யாராவது ஒருவர் விடாமல் நாடி பிடித்துக்கொண்டே இருக்கணும்.

அதைச் செய்தது நம்ம ஊட்டி. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் முடிக்கப்பட்ட 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, மலைச்சரிவில் இருந்தபடி ஏறக்குறைய தினமும் நண்டைப் பார்த்தது. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டியும் சேர்ந்துகொண்டது. 2018-ல் வெளியான ஆய்வு முடிவு: ஜிஎம்ஆர்டிக்கும் சிஇசட்டிஐக்கும் இடையே 4,716 மைக்ரோ வினாடி வித்தியாசம், 50 கூடக்குறைய இருக்கலாம். ஊட்டியோடு ஒப்பிட்டால் 29,639. இரண்டு எண்ணும் இவ்வளவு தள்ளி இருப்பதைப் பார்த்தால், தாமதம் செயற்கைக்கோளில் மட்டும் இல்லை, ஒவ்வொரு தரைக் கருவிக்கும் தனித்தனித் தாமதம் உண்டுன்னு புரியும்.

4.7 மில்லி வினாடிக்கு இவ்வளவு அலட்டலா? துடிப்பே 33 மில்லி வினாடிதான். அதில் ஏழில் ஒரு பங்கு தவறினால், ரேடியோ துடிப்புக்கு முன்னால் வந்த எக்ஸ் கதிர் பின்னால் வந்ததாகத் தெரியும். பல்சர் எங்கிருந்து, எப்படிக் கதிர் வீசுகிறது என்ற கேள்விக்கே தப்பான பதில் கிடைக்கும்.

எடைக்கல்லே தேய்ந்தால்?

வெளிச்சத்தை அளக்கவும் நண்டுதான் அளவுகோல். எக்ஸ் கதிர் வானியலில் 'ஒரு நண்டு', 'மில்லி நண்டு' என்றே அலகு உண்டு. அந்த நண்டு நெபுலாவின் வெளிச்சம் 2008-ல் இருந்து இரண்டே வருஷத்தில் சுமார் 7 சதவீதம் மங்கியதாக 2011-ல் ஃபெர்மி குழுவினர் அறிவித்தார்கள். கருவி கெட்டதா, கல் தேய்ந்ததா? ஸ்விஃப்ட், ஆர்எக்ஸ்டிஇ, இன்டெக்ரல் என்று வேறு வேறு கருவிகளும் அதே சரிவைக் காட்டியதால்தான் தேய்ந்தது கல் என்று நம்பினார்கள்.

என் பார்வையில், ராக்கெட் கிளம்புவதைவிட பெரிய செய்தி இது. கிளம்பும்போது எல்லா சேனலிலும் லைவ் ஓடும். ஊட்டியில் மாதக்கணக்கில் நடந்த இந்தச் சரிபார்ப்பு வேலைக்கு ஒரு பிரேக்கிங் நியூஸ் கிடையாது. 2024 ஜனவரி 1-ல் போன எக்ஸ்போசாட்டும் அப்படித்தான்: அதன் போலிக்ஸ் கருவி அதே மாதம் முதல் வேலையாக நண்டைப் பார்த்தது, நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

வடசென்னைக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மணலியில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கு. அவை தரும் எண்ணை வைத்துத்தான் நம் காற்று நல்லதா கெட்டதான்னு சொல்கிறார்கள். அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி அந்தக் கருவிகளையும் அவ்வப்போது சரிபார்க்கணும். ஆஸ்ட்ரோசாட் தன் தரவோடு சேர்த்து, சரிபார்ப்புக் கோப்புகளையும் யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுகிறது. மணலியின் எண்ணுக்குப் பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் போடுங்கள் என்று நாம் கேட்கலாம்.