டாக்டர் நாயருக்கு நாம் பட்ட கடன்

1919 ஜூலை 17 அன்று லண்டனில் டாக்டர் டி.எம். நாயர் மறைந்தார். காது, மூக்கு, தொண்டை மருத்துவர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். திராவிட இயக்கத்தின் முதல் ஆசான்களில் ஒருவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டு நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் சொல்லப் போனவர், சொல்லும் முன்பே இறந்துபோனார்.

அந்தச் சாட்சியம் இன்னும் முடியவில்லை. மருத்துவப் படிப்புக்கான அகில இந்தியத் தொகுப்புக்கு மாநிலங்கள் 1986 முதல் இடங்களை அள்ளிக் கொடுத்தன. அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஒதுக்கீடு வந்தது 2007இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு வந்தது 2021இல். எத்தனை அறுவை மருத்துவர்களை இழந்தோம்?

"கோட்டாவில் வந்தவன் கையில் கத்தியைக் கொடுக்கலாமா?" என்கிறார்கள். நான் சுவாமிமலைக்காரன். மெழுகில் உருப்பிடித்து ஐம்பொன் வார்க்கும் எங்கள் ஊரில் எந்தக் கையும் பிறக்கும்போதே உளியோடு வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினார்கள், வந்தது. யாரை உட்காரவைப்பது என்பதை அங்கும் நெடுங்காலம் சாதிதான் முடிவு செய்தது. அறுவை அரங்கிலும் அதே கதைதான்.

கோடிகளைக் கொட்டி வாங்கும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைப் பார்த்து இவர்கள் தகுதி பேசியதுண்டா?

தோழர்களே, ஜூலை 17 அன்று நாயரின் படத்தைப் பகிருங்கள். கூடவே இந்தக் கேள்வியையும் பகிருங்கள்.