ஹெரால்டு காரும் நான் சொன்ன ஒரு சொல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

36 ஆண்டுகள் வகுப்பறையில் நின்று எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லை இன்று திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. "படிக்கலைன்னா ஷெட்டுல ஸ்பேனர்தான் புடிப்ப." இதை நான் மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் சொன்னோம், வீட்டிலும் சொன்னோம், இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் என் பேரனிடம் அவன் அம்மாவே சொல்லிக் கேட்டேன். இது நிற்க வேண்டும் என்பது என் கருத்து. எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு பழைய காரைப் பார்த்ததால். அதனால் காரிலிருந்தே தொடங்குகிறேன்.

1969. மன்னார்குடியில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் கார் என்றால் அம்பாசடர், அதுவும் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஃபியட் ஒன்றிரண்டு. எங்கள் தெருவுக்கு வரும் டாக்டரிடம் மட்டும் வேறு ஒரு வண்டி இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிர்நீலம். முன்விளக்குகளுக்கு மேலே புருவம் வைத்தது போல ஒரு மடிப்பு, பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு கூர்மை. அம்பாசடர் பெரியப்பா மாதிரி வந்து நிற்கும். இது காலேஜில் படிக்கும் சின்ன மாமா மாதிரி இருக்கும்.

அப்பாயிக்கு உடம்பு முடியாத மாதங்களில் டாக்டர் அடிக்கடி வருவார். எங்கள் தெரு மறுபக்கம் அடைப்பு. அம்பாசடர் வந்தால் முன்னால் பின்னால் என்று நாலு தடவை உறுமித்தான் திரும்பும். ஹெரால்டு ஒரே வளையில் திரும்பிவிடும். 25 அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கக்கூடிய கார் அது என்று பின்னாளில் தெரிந்தது. அன்றைக்கு அது எங்களுக்கு மாயம். திரும்புவதைப் பார்க்கவே டாக்டர் எப்போது கிளம்புவார் என்று திண்ணையில் காத்திருப்போம். அப்பாயிக்கு என்ன உடம்பு என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஒருநாள் வீட்டு வாசலிலேயே வண்டி கிளம்ப மறுத்தது. டிரைவர் இறங்கி பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்து பானட்டைத் தூக்கினார். மூடி மட்டும் திறக்கும் என்று நினைத்தோம். காரின் மூஞ்சி முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிட்டது! எஞ்சின், ரேடியேட்டர், முன்சக்கரங்கள், ஸ்டியரிங் கம்பி எல்லாம் வெட்டவெளியில். அவர் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அம்மி அரைக்கிறவர் மாதிரி நிதானமாக வேலை பார்த்தார். ஒரு பிளக்கைக் கழற்றி கந்தல் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து "புடி தம்பி" என்றார். சூடு துணியைத் தாண்டி வந்தது. அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

அந்த கார் நம் ஊரில் தயாரானது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிகெலோட்டி என்ற இத்தாலியர். 1960களின் தொடக்கத்தில் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்ய ஆரம்பித்தது. 948 சி.சி. எஞ்சின். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், சென்னைக்கு ஹெரால்டு. அப்புறம் கெஸல் என்று ஒன்று வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ரோவர் காரின் உடம்புக்குள் பழைய எஞ்சினை வைத்துப் பெரிய விலைக்கு விற்றார்கள். எடுபடவில்லை. சில வருஷங்களில் கம்பெனியே நின்றுபோனது.

அது ஏன் அப்படி மூஞ்சி முழுக்கத் திறந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனிக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துவந்த ஆலையை பி.எம்.சி. என்ற போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. நம் அம்பாசடரின் தாய்வீடான மோரிஸும் அந்த பி.எம்.சி.யில்தான் இருந்தது. முழு உடம்பாகச் செய்து தர ஆள் இல்லாமல், பழைய முறைப்படி கீழே தனி சேஸிஸ் வைத்து, மேலே தகடுகளைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டினார்கள். வழியில்லாமல் செய்தது அது. ஆனால் அதனாலேயே அதைக் கழற்றிப் பார்க்க முடிந்தது, ஒரு துண்டை மட்டும் மாற்ற முடிந்தது. குறை இல்லாத கார் இல்லை. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு நம் ரோட்டுக்கு ஒத்துவரவில்லை. டாக்டர் வீட்டார் ஐந்தாறு பேர் ஏறினால் பின்சக்கரம் இரண்டும் காலை அகட்டி நிற்கும். நாங்கள் கைதட்டிச் சிரிப்போம்.

இதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. நான் கார் வாங்கியதில்லை. டி.வி.எஸ். 50, பிறகு ஒரு ஸ்கூட்டர், அத்தோடு சரி.

போன மாதம் திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வாடகைக் காரில் நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் பெல்ட் அறுந்து எஞ்சின் சூடேறிவிட்டது. நல்லவேளை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, வாசலில் வேப்பமரம். உள்ளே போனால் மரத்தடியைப் பார்த்தபடி நிற்கிறது ஹெரால்டு. வெளிர்நீலம். மூஞ்சியைச் சாய்த்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் முன்டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். ஒரு நிமிஷம் எனக்கு வயது பத்து.

அந்த ஆள் நிமிர்ந்தார். ஐம்பது வயது இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சார், நீங்களா!" என்று காலைத் தொட்டுவிட்டார். என் எட்டாம் வகுப்பு மாணவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான், போடவில்லை. கூட வேலை செய்யும் பையன்களைக் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்தினான்.

"எங்க சார்டா. நான் ஸ்பேனர்தான் புடிப்பேன்னு அப்பவே சொன்னவரு."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னான். பையன்கள் என்னை ஜோசியரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். மனைவி என்னை வேறு மாதிரி பார்த்தாள்.

எனக்கு அந்த வகுப்பு நினைவிருக்கிறது. அது 1989. கரும்பலகையில் உள்ளெரி எஞ்சின் படம் போட்டு உறிஞ்சுதல், அழுத்துதல், ஆற்றல் தருதல், வெளியேற்றுதல் என்று நாலு வீச்சும் நடத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து இவன் எழுந்தான். "சார், மூணாவது வீச்சுலதான் சக்தி வருது. அதுதான் மத்த மூணையும் தள்ளுதுன்னா, மொத மொத தள்ளுறது யாரு?" என்றான்.

எனக்குப் பதில் தெரியாது. அதுதான் உண்மை. இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் நான் எஞ்சினைப் படமாகத்தான் பார்த்தேன், மாணவர்களுக்கும் படமாகத்தான் காட்டினேன். தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் கணக்கில் தசமத்தில் தேறாதவன். அது கைக்கு வசதியாக இருந்தது. "முதல்ல கணக்குல பாஸ் பண்ணு. இல்லைன்னா ஷெட்டுல ஸ்பேனர்தான் புடிப்ப" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த வருஷத்தோடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான். என் சொல்லால்தான் என்று சொல்ல மாட்டேன், வீட்டில் கஷ்டம் இருந்தது. என் சொல் அவனைப் பள்ளியில் பிடித்து வைக்கவும் இல்லை.

பெல்ட் மாற்றும் நேரத்தில் ஹெரால்டைக் காட்டினான். 1967ஆம் வருஷ வண்டி. கோயம்புத்தூரில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். தரைத் தகடு முழுக்கத் துருப்பிடித்துப் போயிருந்ததாம். புதுத் தகடு வெட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு எடுத்திருக்கிறான். எது ஒட்டு, எது பழசு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சில ரப்பர் சாமான்கள் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தன. கிடைக்காததை லேத்தில் கடைந்திருக்கிறான். மெல்லிய தகடுகள் விசிறி மாதிரி விரியும் ஒரு கருவியை எடுத்து வால்வு இடைவெளி பார்த்தான். "பத்து தௌ இருக்கணும் சார்" என்றான். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பத்து, அதாவது 0.010 அங்குலம். கால் மில்லிமீட்டர். நான் தசமத்தில் தோற்கடித்த பையன்!

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அன்னிக்கு நீ ஒரு கேள்வி கேட்டியே, மொத மொத தள்ளுறது யாருன்னு?" அவனுக்குக் கேள்வி நினைவில்லை. என் பதில்தான் நினைவிருந்தது. ஆனால் உடனே மேஜைமேல் கழற்றி வைத்திருந்த செல்ஃப் மோட்டாரை எடுத்து வந்தான். அதன் தண்டில் திருகுமரை, அதில் ஒரு சின்னப் பல்சக்கரம். பெண்டிக்ஸ் என்றான். பேட்டரி கொடுத்ததும் தண்டு சுற்றுகிறது, பல்சக்கரம் மரையில் ஓடி முன்னால் தாவுகிறது. ஃப்ளைவீலின் பல்லில் கோத்து எஞ்சினைச் சுற்றிவிடும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் அந்த வேகமே பல்சக்கரத்தைத் திருப்பித் தள்ளிவிடும். இரண்டு தடவை செய்து காட்டினான். 36 வருஷம் கழித்து எனக்கு விளங்கியது. படம் போட்டு விளக்கியிருந்தால் இன்னும் விளங்கியிருக்காது.

இதைப் படிக்கும் உறவினர்கள் சிலர் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "உங்க பையனை மட்டும் இன்ஜினியரிங் சேர்த்தீங்களே, ஷெட்டுக்கு அனுப்பினீங்களா?" அனுப்பவில்லை. இவனும் தன் மகளை ஷெட்டுக்கு அனுப்பவில்லை, நர்சிங் படிக்கிறாள். அவன் இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. பென்ஷன் கிடையாது. எனக்கு மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறது, அவனுக்கு வேலைக்குப் போனால்தான் கூலி. இந்தத் தொழிலில் எல்லாம் நல்லாயிருக்கிறது என்று கதைவிட நான் வரவில்லை. தொழில் கஷ்டமானது என்று பிள்ளையிடம் சொல்வது வேறு. அது தோற்றவனுக்குக் கொடுக்கும் தண்டனை என்று சொல்வது வேறு. நாம் சொன்னது இரண்டாவது. கேள்வி கேட்கிற பிள்ளையை அந்தச் சொல்லால் உட்கார வைக்கிறோம். ஐ.டி.ஐ. என்ற பெயரையே மார்க் குறைந்தவனுக்கான மிரட்டலாக்கி வைத்திருக்கிறோம்.

பள்ளிகளில் ஒரு பழைய மொபெட் எஞ்சினையாவது மேஜையில் வைத்துக் கழற்றிக் காட்டலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். பிரித்துப் பார்த்த பிள்ளைக்கு நாலு வீச்சும் மறக்காது. படித்து டாக்டரானாலும் மறக்காது. அதை வந்து காட்ட பக்கத்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இப்போது பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் இதைப் படிப்பீர்கள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

காரைப் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. அது எங்கள் டாக்டர் வண்டியாக இருக்குமோ என்று எனக்கு ஆசை. ஆர்.சி. புத்தகத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். இல்லை. ஆரம்பம் முதல் கோவைப் பக்கமே கைமாறியிருக்கிறது. வரிசையாக உரிமையாளர்கள் பெயர். இத்தனை வருஷம் அதை ஓட வைத்த மெக்கானிக்குகளின் பெயருக்கு அதில் இடம் கிடையாது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதற்கு விண்ணப்பிக்கப் போகிறாராம் உரிமையாளர்.

கிளம்பும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அட விடுங்க சார், காபி ஆறுது" என்றுவிட்டான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவன் இதைப் படிப்பான். தம்பி, அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அதை மறைக்கத்தான் உன்னைச் சிறுமைப்படுத்தினேன். மன்னித்துக்கொள்.

கூலி எதுவும் வாங்க மறுத்தவன் ஒன்று மட்டும் கேட்டான். அவனிடம் இருக்கும் இரண்டு பையன்களும் பத்தாவதில் நின்றவர்கள், பதினெட்டு தாண்டியவர்கள். அளவுக் கருவி படிக்கத் தடுமாறுகிறார்களாம். "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் தசமம் சொல்லிக் குடுங்க சார்." மூன்று ஞாயிறு போய் வந்துவிட்டேன். இந்த முறை கரும்பலகை இல்லை. அந்த விசிறித் தகடுகளை வைத்தே நடத்துகிறேன். ஹெரால்டு போன வாரம் கோயம்புத்தூர் போய்விட்டது. போவதற்கு முன் வேப்பமரத்தடியில் எனக்காக ஒரே வளையில் திருப்பிக் காட்டினான்.

இப்படி நான் சொன்ன சொல் வேறு யாருக்காவது நினைவிருந்தால் கூப்பிடுங்கள். பழைய எண்தான், மாற்றவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.