சைட்டை முடக்கினாலும் டோரண்ட் நிற்காதது ஏன்? டவுன்லோடு செய்பவருக்கே தெரியாமல் நடப்பது என்ன?

2012 மே மாதம். தனுஷ் நடித்த '3' உள்ளிட்ட படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, இன்டர்நெட் நிறுவனங்கள் 'பைரேட் பே'வுடன் சேர்த்து 'விமியோ'வையும் முடக்கின. முழு சைட்டையும் மூடக்கூடாது, குறிப்பிட்ட லிங்க்கை மட்டும் தடுங்கள் என அடுத்த மாதமே நீதிமன்றம் விளக்கம் தந்தது. இத்தனைக்கும், டோரண்ட் சைட்டில் படமே இருக்காது!

அப்போ படம் எங்கே இருக்கு?

டவுன்லோடு செய்தவர்களின் கம்ப்யூட்டரிலும் மொபைலிலும்தான். 1999-ல் வந்த நாப்ஸ்டரில் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் அந்நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2001-ல் நீதிமன்ற உத்தரவால் அது நின்றதும் கதை முடிந்தது. அதே 2001-ல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட், ஃபைலையே துண்டு துண்டாக்கியது. 1 ஜிபி படத்தை 1 எம்பி துண்டுகளாக வெட்டினால் சுமார் ஆயிரம் துண்டுகள். ஒருவரிடம் 12-வது துண்டு, இன்னொருவரிடம் 700-வது. மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். குறைவான பேரிடம் இருக்கும் துண்டுக்கே முதலிடம். கெட்டுப்போன துண்டு வந்தால், ஆப் அதைத் தூக்கிப்போட்டு மறுபடி கேட்கும். மேக்னட் லிங்க் கையில் இருந்தால் சைட்டே தேவையில்லை.

சும்மா டவுன்லோடுதானே?

இங்கேதான் சிக்கல். கொடுப்பவருக்கே வேகமாகக் கிடைக்கும் என்பது பிட்டோரண்டின் விதி. படம் பாதி இறங்கும்போதே உங்கள் மொபைல் அதை முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அதாவது, நீங்களும் விநியோகஸ்தர்! உங்கள் ஐபி முகவரியும் எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியும். காப்புரிமை நிறுவனங்களின் ஆட்களும் அதே கூட்டத்தில் சேர்ந்து முகவரிகளைக் குறித்துக்கொள்வார்கள். ஜெர்மனியில் இப்படித்தான் வக்கீல் நோட்டீஸ் வீடு தேடி வருகிறது. அங்கே படிக்கப் போகிறவர்கள் உஷார்.

இந்தியாவில் தெரிந்தே காப்புரிமையை மீறினால், 63-வது பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம்.

டோரண்ட் என்றாலே திருட்டு இல்லை. உபுண்டு, இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்றவை சட்டப்படியே இதில் ஃபைல்களைத் தருகின்றன. ஆனால் எதை இறக்கினாலும் டவுன்லோடு முடிந்ததும் ஆப்பை மூடுங்கள். இல்லையென்றால் அப்லோடு பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும், டேட்டாவும் கரையும்.