எழுபது நிமிசமும் அம்மாவும்

போன கிழமை மில்பிடாஸில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் தெரிந்த தம்பி ஒருவரைக் கண்டேன். ஊரில் இருந்து தாய் தகப்பன் முதல் தடவையாக வருகினமாம். "ரிக்கற் போட்டாச்சு அண்ணை. நல்ல மலிவு. நடுவில எழுபத்தைஞ்சு நிமிசம்தான் தரிப்பு, கனநேரம் மினக்கெடத் தேவையில்லை" என்று சந்தோசமாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், வாயைத் திறந்து சொல்லியிருக்க வேணும் என்று மனம் குடைந்தது. அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

வயது போனவர்களுக்குக் குறுகிய கனெக்சன் எடுத்துக் கொடுப்பது அன்பினால் செய்கிற பிழை. பாவம், மணிக்கணக்காக இருக்க வைக்கக்கூடாது என்றுதான் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2014 இல் என் அம்மா வந்தா. அப்போது எனக்கு சிற்றிசன் கிடைத்திருக்கவில்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் தான் விட்டு ஓடிய நாட்டுக்கே திரும்பிப் போய்வந்தால், அந்த ஏற்பே கேள்விக்குள்ளாகும். ஆகவே அம்மா வந்தால்தான் நாங்கள் முகம் பார்க்கலாம். இரண்டு தரம் விசா மறுத்து மூன்றாம் தரம் கொடுத்தார்கள். ஒரே ஒரு மாற்றத்தோடு வருகிற பயணமும் இருந்தது. இருநூறு டொலர் சொச்சம் கூட என்றபடியால் நான் இரண்டு மாற்றம் உள்ளதை எடுத்தேன். கொழும்பில் இருந்து வளைகுடா, அங்கிருந்து ஐரோப்பா, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ. ஐரோப்பாவில் மாறுவதற்கு எழுபது நிமிசம். ஆங்கிலம் தெரியாதபடியால் வீல்செயர் உதவியும் கேட்டு வைத்தேன். எல்லாம் வடிவாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைப்பு.

வளைகுடாவில் இருந்து வந்த விமானம் நாற்பது நிமிசம் பிந்தியது. எழுபதில் நாற்பது போக முப்பது. அம்மாவைக் கேற்றுக்குக் கொண்டுபோகும்போது கதவு சாத்தியாயிற்று.

அடுத்த விமானம் மறுநாள். கம்பனிக்காரர் ஹொட்டேலுக்குத் துண்டு கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் ஹொட்டேல் இருப்பது வெளியே. அம்மாவின் கையில் இருந்தது இலங்கைப் பாஸ்போட்டும் அமெரிக்க விசாவும். வெளியே போக ஷெங்கன் விசா வேணும், அது இல்லை. அன்று பின்னேரமே இன்னொரு ஐரோப்பிய நகரம் ஊடாக அனுப்பலாம் என்று முதலில் பார்த்திருக்கிறார்கள். பாஸ்போட்டைக் கண்டதும் அதையும் விட்டுவிட்டார்கள். அம்மா இருபத்து மூன்று மணித்தியாலம் அந்த மண்டபத்துக் கதிரையில் இருந்தா. பிரசர் குளிசையும் சீனி வருத்தக் குளிசையும் சூட்கேசுக்குள். கையில் பாரம் வேண்டாம் என்று அதை அங்கே வைக்கச் சொன்னவனும் நான்தான்.

இங்கே நானும் மனிசியும் பிள்ளைகளும் சான் பிரான்சிஸ்கோவில் வருகையாளர் வாசலில் நிற்கிறோம். எல்லோரும் வந்து முடிந்தார்கள், அம்மாவைக் காணவில்லை. அப்போதுதான் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது. அந்த விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்கிற எங்கட பெடியன் ஒருவன். சீலையோடு தனியாக இருந்த அம்மாவைக் கண்டு, வந்து கதைத்து, மேசையில் இருந்தவர்களிடம் விசாரித்து, தன்ர போனில் எனக்கு எடுத்துக் கொடுத்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அம்மா சொன்னா: "நீ யோசியாத மோனை. செட்டிகுளத்தில அஞ்சு மாசம் கிடந்தனான், ஒரு இரவுக்கு என்ன?"

எனக்கு ஆறுதல் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. 2009 இல் முகாமுக்குள் கிடந்தது அவவின் விதி. இது இருநூறு டொலருக்காக நான் செய்தது.

அதன் பிறகுதான் இந்த எழுபது நிமிசக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், ஒரு விமானத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற ஆகக்குறைந்த நேரம் இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குக் குறைந்த இடைவெளியில் ஒரே ரிக்கற்றாக விற்க மாட்டார்கள். கம்பியூட்டர் அந்த எல்லையை ஒட்டிய பயணங்களையும் காட்டும். மொத்த நேரம் குறைவு என்றபடியால் அவை மேலேயே வந்து நிற்கும். ஆனால் அது விற்கக்கூடிய ஆகக்குறைந்த நேரமே தவிர, உங்கள் அம்மாவுக்குப் போதுமான நேரம் இல்லை.

கணக்கைப் பாருங்கோ. எழுபத்தைந்து நிமிசம் என்றால், விமானம் வந்து நின்றதில் இருந்து அடுத்தது நகரும் வரை. கேற்றை பதினைந்து இருபது நிமிசம் முந்தியே சாத்துவார்கள். மிச்சம் ஐம்பத்தைந்து. பெரிய விமானத்தின் பின்வரிசையில் இருந்து இறங்கக் கால் மணித்தியாலம் போகும். மிச்சம் நாற்பது. அதற்குள் திரும்பவும் பாதுகாப்புச் சோதனை, ஒரு ரெயின் அல்லது பஸ், நீளமான நடை. இளம் ஆள் ஓடிப் பிடிப்பார். நானும் ஓடிப் பிடித்திருக்கிறேன்.

வீல்செயர் கேட்டவர்கள் பெரும்பாலும் கடைசியாகத்தான் இறங்குவார்கள். எல்லோரும் போன பிறகு உதவியாளர் வருவார். சில இடங்களில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போவதற்காக ஓரமாக விட்டுவிட்டும் போவார். ஆகக் கூடுதலான நேரம் தேவைப்படுகிற ஆளுக்கு ஆகக் குறைந்த நேரம் மிஞ்சுகிறது. வீல்செயர் வழி தெரியாததற்கு மருந்து, நேரம் இல்லாததற்கு மருந்து இல்லை. வீல்செயர் கேட்கிறீர்கள் என்றால் இடைவெளியையும் கூட்ட வேணும் என்பதுதான் என்னுடைய முதல் கருத்து. மூன்று மணித்தியாலத்துக்குக் குறைத்து எடுக்காதையுங்கோ.

இரண்டாவது, பாஸ்போட். மில்பிடாஸில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கனெக்சனைத் தவறவிட்டால் அவருக்கு அது ஒரு ஹொட்டேல் இரவு, ஊர் சுற்றிப் பார்க்கவும் கிடைக்கும். எங்கட ஆட்களுக்கு அப்படியில்லை. 2009 இல் வந்த ஐரோப்பிய விசாச் சட்டக்கோவை, விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே விசா வேணும் என்று 12 நாட்டவரைப் பட்டியல் போட்டது. இலங்கையும் அதில் ஒன்று. செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கு உள்ளே இருந்து மாறுவதற்கு மட்டும்தான். வாசலைத் தாண்ட ஷெங்கன் விசா வேணும். இரண்டு ஷெங்கன் நகரங்கள் ஊடாகப் போவதும் முடியாது. பிராங்பேர்ட்டில் இருந்து பாரிசுக்குப் பறப்பது அவர்களுக்கு உள்நாட்டுப் பயணம் மாதிரி, அதில் ஏறினால் நீங்கள் ஷெங்கனுக்குள் நுழைந்ததாகக் கணக்கு. அம்மாவை அன்று பின்னேரம் அனுப்ப முடியாமல் போனதன் காரணம் இதுதான். அமெரிக்கா அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தில் போகிறவர்களும், அது ஒரு வருடம்தான் செல்லும் என்பதோடு, வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டின் விதியையும் தனித்தனியாகப் பார்க்க வேணும்.

ஆகவே ரிக்கற் போடும்போது "எங்கே மாறுவது கெதி?" என்று மட்டும் கேட்காமல், "எங்கே அம்மா ஒரு இரவு அகப்பட்டால் பரவாயில்லை?" என்றும் கேட்க வேணும். எந்த நிலையமும் ஒரு நாளைக்கு நின்றுபோகலாம். 2024 ஏப்ரலில் டுபாய் வெள்ளத்தில் மூழ்கியது. 2025 மார்ச் 21 இல் ஒரு உபமின்நிலையம் தீப்பிடித்து ஹீத்ரோ மூடப்பட்டது, 1,300 க்கு மேற்பட்ட பறப்புகள் பாதிக்கப்பட்டன. அன்றைக்கு மூன்று மணித்தியால இடைவெளியும் உதவியிராது. பாஸ்போட்டும் கைப்பையில் இருந்த குளிசையும்தான் உதவியிருக்கும்.

மூன்றாவது, எங்கள் ஊர்க்காரர் செய்கிற ஒரு வேலை. மில்பிடாஸில் இருந்து சான் ஹோசே விமான நிலையம் பக்கத்தில்தான். சான் பிரான்சிஸ்கோ என்றால் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல், அதுவும் பின்னேர நெரிசலில். ஆகவே லொஸ் ஏஞ்சல்சிலோ டலசிலோ மாறி சான் ஹோசேயில் வந்து இறங்குகிற மாதிரி ரிக்கற் போடுகிறோம். அமெரிக்காவில் முதலில் இறங்குகிற இடத்தில்தான் குடிவரவு. அங்கேயே சூட்கேசுகளை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்பவும் ஒப்படைத்து, திரும்பவும் பாதுகாப்புச் சோதனைக்குப் போக வேணும். இருபத்திரண்டு மணித்தியாலம் பறந்து வந்த எழுபது வயது ஆள், இரண்டு பெட்டியோடு, விரல் அடையாள வரிசையில் நின்று, "எவ்வளவு நாள் நிற்பீர்கள்?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு இதைச் செய்ய வேணும். எங்களுடைய ஒரு மணித்தியால வாகன ஓட்டத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் தலையில் ஒரு கனெக்சனைக் கட்டுகிறோம். கூட்டிவர இரண்டு கார் வேண்டாம் என்றால் 2020 ஜூனில் இருந்து மில்பிடாஸிலேயே பார்ட் ரெயின் நிலையமும் இருக்கிறது. அபுதாபி ஊடாக வருகிறவர்களுக்கு இன்னொன்று: 2014 இல் இருந்து அமெரிக்கக் குடிவரவு அங்கேயே முடிகிறது. இங்கே இறங்கினால் சுகம்தான், ஆனால் அந்த வரிசைக்குத் தேவையான நேரம் அபுதாபி இடைவெளிக்குள் இருக்க வேணும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரே ரிக்கற் என்றால் தவறவிட்டாலும் கம்பனிதானே அடுத்ததில் ஏற்ற வேணும் என்பார்கள். உண்மை. ஐரோப்பாவில் இருந்து புறப்படும் பயணமென்றால் 2005 இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அவர்களுடைய பிழையால் போய்ச்சேர மிகவும் பிந்தினால் தூரத்தைப் பொறுத்து 600 யூரோ வரைகூட நட்டஈடு கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் காசு ஒரு மாதம் கழித்து என்னுடைய கணக்குக்கு வரும், அந்த இரவு அம்மாவுடையது. ஆறு மணித்தியாலம் கதிரையில் இருந்தாலும் அலுப்புத்தானே என்பார்கள். அதுவும் உண்மை. ஆனால் அடுத்த விமானம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்து ஒரு தேத்தண்ணியோடு இருப்பதும், தெரியாத பாஷையில் ஒலிபெருக்கி கத்தக் கத்த நெஞ்சு படபடக்க இருப்பதும் ஒன்றல்ல.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வது என்பதும் நியாயமான கேள்வி. நானும் அன்றைக்குக் காசு எண்ணித்தான் ரிக்கற் போட்டேன். ஒரு மாற்றத்தோடு வருகிற பயணத்துக்குக் காசு பத்தாவிட்டால், இரண்டு மாற்றத்திலும் இடைவெளி கூடியதைத் தேடுங்கோ. பல நேரம் அது விலை குறைவாகவும் இருக்கும், மொத்த நேரம் கூட என்று மற்றவர்கள் எடுக்காமல் விடுவதால். ஒரே ஒரு சிக்கனத்தை மட்டும் செய்யாதையுங்கோ: இரண்டு தனித்தனி ரிக்கற் வாங்கி நீங்களே ஒட்டுவது. 2022 டிசம்பரில் சென்னை-பலாலி சேவை திரும்பத் தொடங்கி, 2024 செப்டெம்பரில் இன்டிகோவும் வந்த பிறகு, சென்னை வரை ஒரு ரிக்கற், பலாலிக்கு இன்னொரு ரிக்கற் என்று பலர் போடுகிறார்கள். முதலாவது பிந்தினால் இரண்டாவது கம்பனிக்கு உங்களை ஏற்ற வேண்டிய கடமை இல்லை. பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வெளியே வரவும் வேணும், அதற்கு இந்திய விசா வேணும். அந்த வழியால் போகிறதென்றால் விசாவை எடுத்து, சென்னையில் ஒரு இரவு தங்கிப் போங்கோ.

அம்மா பிறகு இரண்டு தரம் வந்தா. இரண்டு தரமும் ஒரே ஒரு மாற்றம், நாலு மணித்தியாலத்துக்குமேல் இடைவெளி. குளிசை, ஒரு மாற்றுடுப்பு, சால்வை எல்லாம் கைப்பையில். கழுத்தில் ஒரு சின்னப் பை, அதற்குள் ஒரு மட்டை. "எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நான் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறேன். தயவுசெய்து என் மகனுக்கு எடுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி, என் நம்பரும் மனிசியின் நம்பரும். "பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கட்டி விடுற மாதிரிக் கட்டி விடுறாய்" என்று சிரிப்பா. அந்த மட்டையை ஒருவருக்கும் காட்ட வேண்டி வரவில்லை.

கடையில் கண்ட தம்பியின் நம்பர் என்னிடம் இல்லை. பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றவர். கொஞ்சக் காசு கட்டியாவது மாற்றலாம். அதற்கிடையில் கம்பனி தானே நேரத்தை மாற்றினால் காசில்லாமல் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வருகிற சனிக்கிழமை அதே நேரம் அதே கடைக்குப் போகப் போகிறேன், மரக்கறி தேவையில்லாவிட்டாலும்.