நாளைய நகரமும் மக்களின் சொல்லும்

சென்னையின் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்றொரு சாலை உண்டு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை உண்டு. ஏரியை நோக்கிய சாலை என்பது முன்னதற்கும், ஏரிக்கரைச் சாலை என்பது பின்னதற்கும் பொருள். இரண்டிலும் எங்கு நின்று பார்த்தாலும் ஏரி தென்படுவதில்லை. மாம்பலத்து ஏரி நிலத்தில் 1920களில் தியாகராய நகர் உருவாயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரிகள் மறைந்தபின்னும் பெயர்ப்பலகைகள் அவற்றை நினைவூட்டிக்கொண்டு நிற்கின்றன.

நகரம் வளரும்போது ஏதேனும் ஒன்று மறைவது தவிர்க்க இயலாதது. எது மறையலாம், எது மறையக்கூடாது என்பதை எவர் முடிவு செய்கின்றனர் என்பதே வினா. இன்று அம்முடிவைத் தாங்கிநிற்கும் ஆவணத்திற்கு முழுமைத் திட்டம் என்று பெயர். ஒரு நகரம் அடுத்த இருபது ஆண்டுகளில் எத்திசையில் விரிய வேண்டும், எங்கே வீடு கட்டலாம், எங்கே ஆலை அமையலாம், எந்த நிலம் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்பவற்றை அது வரையறுக்கிறது. வரைபடத்தில் ஒவ்வொரு பயன்பாட்டிற்கும் ஒரு நிறம் தீட்டப்படுகிறது. ஒரு வயலின் மீது தீட்டப்பட்ட நிறம் மாறுமானால் அதன் விலை மாறும். சில ஆண்டுகளில் அந்த வயலே மாறிவிடும்.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975இல் அரசின் ஒப்புதல் பெற்றது. 1189 சதுர கிலோமீட்டர் பரப்பிற்கான இரண்டாம் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் காலம் 2026 வரை. மூன்றாம் திட்டம் 2027 முதல் 2046 வரையிலான காலத்திற்கு உரியது. இன்று பதினோராம் வகுப்பில் பயிலும் மாணவர் 2046இல் முப்பத்தைந்து வயதைக் கடந்திருப்பார். அவர் வாடகைக்கு வீடு தேடும் தெருவும், அவர்தம் பிள்ளைகள் விளையாடும் திடலும் இப்போதே நிறம் தீட்டப்படுகின்றன.

நோயறிதலும் மருந்தும்

நகரத்தைத் திட்டமிடுவோர் முதலில் அதன் தெருக்களில் நடக்க வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தியவர் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ். அவர் அடிப்படையில் உயிரியலாளர். நகரங்களைப் பற்றிய பெரியதொரு கண்காட்சியுடன் 1914இல் அவர் இந்தியாவிற்கு வந்தார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சென்னை மீது குண்டு வீசி, 'எம்டன்' என்னும் சொல்லைத் தமிழர் பேச்சுவழக்கில் நிலைக்கச்செய்த அதே கப்பல்தான் அது. கெடிஸ் தளரவில்லை. புதிதாகப் படங்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களில் சுற்றித்திரிந்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலைக் குறைக்கும் பொருட்டு வீடுகளை வரிசையாக இடித்து நேர்க்கோட்டுச் சாலை அமைக்கும் வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். சிகிச்சைக்கு முன் நோயறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. கிணறும் மரநிழலும் திண்ணையும் எவ்வாறு பயன்படுகின்றன என்று பாராமல் வரையப்படும் கோடு, நோயாளியைப் பாராமல் எழுதிய மருந்துச்சீட்டுக்கு ஒப்பாகும்.

கெடிஸின் கொள்கை இன்றைய சட்டத்தில் பாதியளவே இடம்பெற்றுள்ளது எனலாம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன்படி, வரைவுத் திட்டம் அறிவிக்கப்பட்டபின் மக்கள் தம் ஆட்சேபங்களையும் கருத்துகளையும் எழுத்து வடிவில் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதக் காலம் தரப்பட வேண்டும். ஆயினும் அந்நிலையில் வரைபடம் ஏறத்தாழ முடிந்துவிட்டிருக்கும். கட்டி முடித்த வீட்டைக் காட்டி, வாசல் எத்திசையில் இருக்கலாம் என்று கேட்பதைப் போன்றது இது. மூன்றாம் திட்டத்திற்கான தொலைநோக்கு ஆவணத்தை உருவாக்கும் நிலையிலேயே மக்களின் கருத்தைக் கேட்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. அது வினாத்தாளோடு நின்றுவிடக் கூடாது.

காலந்தாழ்ந்து கேட்பதன் விளைவை மும்பை கண்டது. 2014 முதல் 2034 வரையிலான காலத்திற்கென அந்நகரின் வரைவு வளர்ச்சித் திட்டம் 2015 பிப்ரவரியில் வெளியாயிற்று. இருக்கும் கட்டடங்களின் ஊடே சாலைகள் குறிக்கப்பட்டிருந்தன. மரபுச் சின்னங்களும் வழிபாட்டிடங்களும் சில விடுபட்டிருந்தன. தம் தெருவை வரைபடத்தில் தேடிப் பார்த்த மக்கள் 60,000க்கும் மேற்பட்ட ஆட்சேபங்களை அனுப்பினர். இரண்டு மாதங்களில் அத்திட்டத்தைத் திருத்தி அமைக்குமாறு மாநில அரசு ஆணையிட்டது. திருத்தப்பட்ட திட்டம் ஒப்புதல் பெற 2018 ஆயிற்று. தெருவில் வாழ்வோரிடம் தொடக்கத்திலேயே வரைபடத்தைக் காட்டியிருந்தால் அப்பிழைகளுள் பல அன்றே திருந்தியிருக்கும்.

கேட்கப்படாத குரல்

இங்கு ஓர் எதிர்வாதம் எழும். நிலச்சரிவு, நீரோட்டம், மக்கள்தொகைப் பெருக்கம் ஆகியவற்றைக் கணக்கிடுவது வல்லுநர் பணி. பொதுமக்கள் தம் வாசலுக்கு அப்பால் சிந்திப்பதில்லை என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அனைவருக்கும் சாலை அகலமாக வேண்டும். தம் மதிற்சுவர் மட்டும் நகரக்கூடாது. குப்பை நாள்தோறும் அகல வேண்டும். குப்பைக்கிடங்கு வேறு எவர் ஊரிலேனும் இருக்கட்டும். ஆகவே, மக்கள் கருத்தைக் கேட்டல் என்பது கைகளை எண்ணும் வேலை அன்று. உரத்த குரலுடையோர் சொல்வதே ஊரின் விருப்பமாகிவிடும் இடரும் உண்டு.

எனினும், வல்லுநரிடம் இல்லாத அறிவு ஒன்று மக்களிடம் உண்டு. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வெள்ளம் எவ்வழியே வந்தது, எந்த மதில் அதைத் தடுத்தது, எத்தனை நாள் நின்றது என்பதை அங்கு வாழ்வோர் நேரில் கண்டவர்கள். வேளச்சேரிக்குத் தெற்கே உள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன் நெடுங்காலம் அதன் ஒரு பகுதியில் நகரின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. அச்சதுப்புநிலம் மழைநீரைத் தாங்கும் இடம் என்பதை அறியக் கரையோர மக்களுக்கு வரைபடம் தேவைப்படவில்லை.

கேட்கப்படாமையின் விலையை ஏழைகளே மிகுதியாகத் தருகின்றனர். கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் அனுப்பப்பட்டன. ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து இருந்தது என்பது மெய். ஆனால் நகரின் நடுவே வீட்டுவேலைக்கும் மீன் விற்பனைக்கும் சென்றுவந்த பெண்ணின் பணியிடம், புதிய வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவிற்கு விலகிப்போயிற்று. பேருந்துக் கட்டணத்திற்கும் பயண நேரத்திற்கும் அஞ்சி வேலையை விட்டவர்கள் உண்டு. பள்ளியை விட்ட பிள்ளைகளும் உண்டு. வரைபடத்தில் அது வெறும் இடமாற்றம். 'எங்கே குடியேற விரும்புகிறீர்கள்?' என்று முன்னதாகவே கேட்டிருந்தால், 'வேலைக்கு அருகில்' என்னும் எளிய விடை கிடைத்திருக்கும்.

ஆதலால், கேட்கும் முறையிலும் அக்கறை வேண்டும். நகரம் முழுவதற்குமான ஒற்றை வரைபடத்தில் தம் தெருவைக் கண்டறிவது படித்தவருக்கே எளிதன்று. வார்டு வாரியாகத் தமிழில் வரைபடம் வேண்டும். தெருப்பெயர்கள் மக்கள் வழங்கும் பெயர்களாகவே இருக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் ஓய்வுபெற்றோர் வருவர். கட்டடத் தொழிலாளி வரமாட்டார். எல்லாவற்றினும் இன்றியமையாதது, ஏற்கப்படாத கருத்து ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கு எழுத்தில் விடை தருதல். விடை வராத இடத்திற்கு இரண்டாம் முறை எவரும் கடிதம் எழுதுவதில்லை.

இதற்கான அமைப்பைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. அரசமைப்பின் 74ஆவது திருத்தம், நகரத் திட்டமிடலை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் முதலாவதாக வைத்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்குமான விதிகள் 2022இல் வகுக்கப்பட்டன. தெருவிளக்கு, கழிவுநீர் பற்றிப் பேசும் அச்சபைகளில் முழுமைத் திட்டத்தின் வரைபடத்தையும் விரித்து வைக்கலாம். 2015இல் வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது என்று விரலால் காட்டத் தெரிந்தவர்கள் இன்றும் அத்தெருக்களில்தான் வாழ்கின்றனர்.